தாத்தா கட்டிய வீட்டின் சுவரில் இருப்பவற்றை என்ன செய்வது?

பாளையங்கோட்டையில் தாத்தா கட்டிய வீட்டைப் புதுப்பிக்கப்போகும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அப்பா காலமாகி ஓர் ஆண்டு ஆகிறது. அம்மா கூடவே இருக்கிறார். பெயிண்ட் வேலை தொடங்கப்போகிறது. சுவரில் இருப்பவை நான்கு. வாசல் நிலைக்கு மேலே 91ஆம் சங்கீத வசனப் பலகை. முன்னறையில் இயேசுவின் பெரிய படம். சாப்பாட்டு மேசைக்கு மேலே "கிறிஸ்துவே இந்த வீட்டின் தலைவர்" என்று தொடங்கும் பலகை. அப்பாவின் அறையில், கடைசிக் காலத்தைப் பற்றி அவரே துணியில் வரைந்த அட்டவணை. "இவற்றில் பாதியை நான் இப்போது நம்பவில்லை. மீதியை எந்த அளவுக்கு நம்புகிறேன் என்றும் தெரியவில்லை. கணவர் எல்லாவற்றையும் எடுத்துப் போடலாம் என்கிறார். வசனத்தை இறக்கினால் வீட்டின் காவல் போய்விடும் என்கிறார் அண்ணன். அந்தப் பலகைக்குக் கீழேதான் அப்பாவின் பெட்டியை வெளியே தூக்கிச் சென்றார்கள். அம்மாவிடம் இன்னும் பேசவில்லை. கழற்றுவது பாவமா? வேலை முடிந்ததும் சேகர குரு, அதாவது எங்கள் வட்டாரச் சபைகளின் போதகர், வந்து ஜெபிக்க வேண்டும் என்று அம்மா விரும்புகிறார். நான் அதற்குச் சம்மதிக்கலாமா?" இதுதான் கேள்வி.

சகோதரி, கழற்றுவது பாவமல்ல. வைத்திருப்பதும் பாவமல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் தடுமாறுவதற்குக் காரணம், நான்கு தனித்தனிக் கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. "அப்பாவின் விசுவாசம் எனக்கு வேண்டுமா வேண்டாமா" என்று அந்த மூட்டைக்குப் பெயரும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் ஓர் ஆணியைப் பிடுங்குவதற்கே கை நடுங்குகிறது. அந்த நான்கும் ஒரே வயதுடையவை அல்ல, ஒரே இடத்திலிருந்து வந்தவையும் அல்ல. எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிப் பாரம் இறங்கும்.

சுவரைப் பற்றிய இந்தச் சண்டை சபைக்குப் புதிதல்ல. 1522ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் விட்டன்பெர்க் நகரில் கார்ல்ஸ்டாட் என்ற பேராசிரியரின் தூண்டுதலால் ஆலயங்களிலிருந்து படங்களையும் சிலைகளையும் அகற்றும் வேகம் கிளம்பியது. வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த சபைச் சீர்திருத்தவாதி லூத்தர், மார்ச் மாதம் ஊர் திரும்பி, ஒரு ஞாயிறு முதல் அடுத்த ஞாயிறு வரை எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கித்தார். படங்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். யாரையும் கட்டாயப்படுத்தி இழுக்கக் கூடாது. வசனம் உள்ளத்தில் வேலை செய்யட்டும், கை அதற்குப் பிறகு அசையட்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம். இத்தனைக்கும் படங்களின்மேல் அவருக்குப் பெரிய பக்தி கிடையாது. அவசரத்தைத்தான் அவர் எதிர்த்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து சூரிச் நகரம் வேறு முடிவுக்கு வந்தது. 1524 ஜூனில் நகர மன்றம் ஆணையிட, ஆலயக் கதவுகளை உள்ளே தாழிட்டுக்கொண்டு, தச்சரும் கொத்தரும் முறையாகப் படங்களையும் சிலைகளையும் இறக்கினார்கள், சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். அந்த ஆணையில் ஒரு சிறு விதி இருந்தது. எந்தக் குடும்பம் ஒரு சிலையையோ படத்தையோ ஆலயத்துக்குக் கொடுத்திருந்ததோ, அந்தக் குடும்பம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம். படங்கள் கூடாது என்பதில் உறுதியாக நின்ற ஊர்கூட, அவற்றுக்குப் பின்னால் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தார்கள் என்பதை மறக்கவில்லை. உங்கள் கணவருக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். முழுச் சுவரையும் வெறுமையாக்க விரும்புகிறவர்களுக்கும் பொறுமையான முன்னோர்கள் இருந்திருக்கிறார்கள்.

இனி உங்கள் வீட்டுச் சுவருக்கு வருகிறேன்.

அப்பாவின் அட்டவணையிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் அனுப்பிய புகைப்படத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காடாத் துணி, இந்தியன் இங்க் மசி, இடமிருந்து வலமாக ஏழு வளையங்கள், நடுவில் சிலுவை, வலது ஓரத்தில் "இரகசிய வருகை" என்று சிவப்பு மையில் மேல்நோக்கிய அம்புக்குறி, அதற்குப் பிறகு ஏழு ஆண்டு உபத்திரவ காலம், ஆயிரம் வருட அரசாட்சி. எழுத்துகள் அச்சுப்போல இருக்கின்றன. சிறுவயதில் பள்ளியிலிருந்து திரும்பி, வீட்டில் யாரும் இல்லாவிட்டால் எல்லாரும் அந்த இரகசிய வருகையில் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார்கள் என்று அழுததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தலைமுறையில் அப்படி அழுத பிள்ளைகள் ஏராளம். அந்தப் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. ஒரு பிள்ளையின் மனத்தில் அதை வைத்தது தவறு என்றே சொல்வேன்.

அந்த வரிசைமுறைக்கு வயது இருநூறு ஆண்டுகூட நிரம்பவில்லை. இரகசியமாக ஒரு வருகை, பிறகு ஏழு ஆண்டு, பிறகு வெளிப்படையாக இன்னொரு வருகை என்று பிரித்து வகுத்துப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி. அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து, பின்னர் பிரதரன் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானவர். 1830களில் அவருடைய போதனை உருவெடுத்தது. 1909இல் ஸ்கோஃபீல்டு என்ற அமெரிக்கர் வேதாகமப் பக்கங்களின் அடியிலேயே இந்த விளக்கத்தைக் குறிப்புகளாக அச்சிட்டார். வசனமும் குறிப்பும் ஒரே பக்கத்தில் இருந்ததால், படித்தவர்கள் பலருக்கு எது வசனம், எது குறிப்பு என்ற வேறுபாடே மங்கிப்போனது. இயந்திரப் பொறியாளராக இருந்து பாப்டிஸ்ட் போதகரான கிளாரன்ஸ் லார்கின் அதை வளையங்களாகவும் அம்புகளாகவும் வரைந்து காட்டினார். உங்கள் அப்பாவின் துணியில் இருப்பது அந்தப் படங்களின் சாயல்தான்.

பிரதரன் இயக்கத்தின் தொடர்பு நம் ஊருக்கு மிகவும் சீக்கிரமே வந்துவிட்டது. அந்த இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1830களிலேயே திருநெல்வேலிச் சீமைக்கு வந்து போனார். திருநெல்வேலியில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் கற்ற அருளப்பன், குரோவ்ஸுடன் சேர்ந்து உழைத்தார். 1860இல் அருளப்பனின் ஊரான கிறிஸ்தியான்பேட்டையைச் சுற்றி எழுந்த எழுப்புதல் நம் சபை வரலாற்றில் இடம்பெற்றது. ஆகவே உங்கள் அப்பா வானத்திலிருந்து எதையும் இழுத்து வந்துவிடவில்லை. அவர் காலத்துக் கூட்டங்களிலும் கைப்பிரதிகளிலும் கேட்டதைக் கருத்தாகக் கற்று, கை நோக வரைந்திருக்கிறார்.

நீங்கள் இப்போது நம்பாமல் விட்டது அந்த வரிசைமுறையை. கிறிஸ்து மகிமையோடே வருவார், மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்பது நான்காம் நூற்றாண்டிலேயே விசுவாசப் பிரமாணத்தில் எழுதப்பட்டுவிட்டது. ஆலயத்தில் நீங்கள் எழுந்து நின்று சொல்லுவது அதைத்தான். அதில் ஏழு ஆண்டு இல்லை, அம்புக்குறி இல்லை. கிரேக்க சபைகள், கத்தோலிக்கர், லூத்தரன்கள், ஆங்கிலிக்கன்கள் எனப் பெரும்பான்மைக் கிறிஸ்தவம் அந்த அட்டவணை இல்லாமலே இத்தனை நூற்றாண்டுகள் வருகைக்குக் காத்திருந்திருக்கிறது. அட்டவணையை விட்டதால் சபையை விட்டவளாக உங்களை யாரும் எண்ண வேண்டியதில்லை, நீங்களும் எண்ண வேண்டியதில்லை.

புகைப்படத்தின் வலது மூலையை ஒரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு அம்புக்குக் கீழே பென்சிலில் 1988 என்று எழுதி அடித்திருக்கிறது. அதற்குக் கீழே 2000 என்று எழுதி, அதையும் அடித்திருக்கிறது. அதற்கும் கீழே, மிகச் சிறிய எழுத்தில், "மத். 24:36" என்று மட்டும் இருக்கிறது.

1988 தற்செயலான எண்ணல்ல. இஸ்ரவேல் நாடு 1948இல் உருவானது. ஒரு சந்ததிக்கு நாற்பது ஆண்டு என்று கணக்கிட்டு, 1988இல் வருகை என்று அந்நாளில் பலர் நம்பினார்கள். அமெரிக்காவில் விண்வெளித் துறையில் வேலை பார்த்த ஒரு முன்னாள் பொறியாளர் அந்தச் செப்டம்பரில் நாளையே குறித்துப் பிரசுரம் வெளியிட, அது லட்சக்கணக்கில் பரவியது. நாள் வந்தது, போனது. இதற்கு முன்னும் 1844 அக்டோபர் 22ஐக் குறித்துவிட்டு, அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரைப் பின்பற்றிய ஆயிரக்கணக்கானோர் விடிய விடியக் காத்திருந்து அழுதார்கள். அப்படி ஏமாந்தவர்கள் சிலர் விசுவாசத்தையே விட்டார்கள். சிலர் நாளை மாற்றிக்கொண்டே போனார்கள். உங்கள் அப்பா இரண்டு முறை அடித்துவிட்டு, மூன்றாவதாக எந்த எண்ணையும் எழுதவில்லை. "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" ஒருவனும் அறியான் என்று ஆண்டவரே சொன்ன வசனத்தின் எண்ணைக் குறித்து வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகும் ஆலயத்துக்குப் போனார், குடும்ப ஜெபம் நடத்தினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நீண்ட நாள் நம்பியதை மறுபடி யோசித்துப் பார்த்த முதல் ஆள் அந்த வீட்டில் நீங்கள் இல்லை, சகோதரி. அவர் உங்களிடம் அதைப் பேசியிருக்கலாம். பேசவில்லை. ஆனால் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.

ஆகவே அந்தத் துணியை எரிக்கவும் வேண்டாம், உங்கள் பிள்ளைகள் படுக்கும் அறையில் தொங்கவிடவும் வேண்டாம். இறக்கியதும் நிழலில் காயவைத்து, மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, நல்ல வெளிச்சத்தில் முழுவதுமாகவும் பகுதி பகுதியாகவும் புகைப்படம் எடுத்துவிடுங்கள். லேமினேட் செய்துவிடாதீர்கள், ஒருமுறை செய்துவிட்டால் துணியைப் பிரித்தெடுக்க வழியில்லை. மடித்து வைத்தால் மடிப்பில் மசி உதிரும். தடித்த அட்டைக் குழாயின்மேல் துவைத்த பருத்தித் துணியைச் சுற்றி, அதன்மேல் இதைத் தளர்வாகச் சுருட்டி, மேலே இன்னொரு பருத்தித் துணியால் மூடி, தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். கறையான் தரையிலிருந்துதான் ஏறும். வீட்டில் ஒருவருக்கும் வேண்டாம் என்ற நிலை பின்னால் வந்தால், பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் இருப்பதைப்போன்ற சபை ஆவணக் காப்பகங்களைக் கேட்டுப் பாருங்கள். தென் தமிழ்நாட்டுச் சபை மக்கள் எதை நம்பினார்கள் என்பதற்கு இப்படிப்பட்ட கைவேலை நல்ல சான்று.

அடுத்தது முன்னறைப் படம். வெளிர் நிறம், பழுப்புக் கூந்தல், ஒரு பக்கமாக மேல்நோக்கிய பார்வை, நெற்றியில் ஒளி. நம் வீடுகள் பலவற்றில் இருக்கும் இந்தப் படத்தை வரைந்தவர் சிகாகோவைச் சேர்ந்த விளம்பர ஓவியர் வார்னர் சால்மன். 1924இல் ஒரு சபைப் பத்திரிகையின் அட்டைக்காகக் கரிக்கோட்டில் வரைந்தார். 1940இல் அதையே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களின் சட்டைப்பைக்கு அட்டைகளாகப் போனது. பிறகு 50 கோடிக்கும் மேல் அச்சாகி உலகமெங்கும் பரவியது. உங்கள் அம்மாவின் வயதுதான் அதற்கும்.

இயேசுவின் உருவம் என்று இன்று நமக்குத் தெரிந்தவற்றில் மிகப் பழையவற்றுள் சில ஒரு வீட்டுச் சுவரில்தான் கிடைத்தன. சிரியாவில் யூப்ரடிஸ் நதிக்கரையில் துரா யூரோப்போஸ் என்று ஒரு கோட்டை நகரம். அங்கே மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிறிஸ்தவர்கள் ஒரு சாதாரணக் குடியிருப்பு வீட்டை எடுத்து, இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரை இடித்துக் கூடமாக்கி, ஒரு சிறிய அறையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டி, அதன் சுவர்களில் படம் வரைந்தார்கள். 256ஆம் ஆண்டு வாக்கில் பாரசீகப் படை நகரை முற்றுகையிட்டபோது, மதிலைப் பலப்படுத்துவதற்காக அதை ஒட்டிய தெருவையே மண்ணால் நிரப்பினார்கள். அந்த மண்ணுக்குள் புதைந்ததால் படங்கள் தப்பின. 1930களில் தோண்டியெடுத்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். அதில் திமிர்வாதக்காரனைக் குணமாக்கும் இயேசுவுக்குத் தாடி இல்லை. குட்டையான முடி, இளைஞனின் உருவம். இன்னோர் இடத்தில் ஆட்டைத் தோளில் சுமந்த மேய்ப்பன். தாடியும் நீண்ட கூந்தலும் கொண்ட முகம் நிலைபெற்றது அதற்குப் பல தலைமுறைகள் கழித்துத்தான்.

ஆகவே "இது இயேசுவின் முகம் இல்லை" என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் யாரும் அவர் முகத்தைப் பார்த்து வரையவில்லை. நம் நாட்டிலேயே ஜாமினி ராய் வங்காள நாட்டுப்புறக் கோட்டில் கிறிஸ்துவைத் தீட்டினார். கோவாவில் பிறந்து சாந்திநிகேதனில் பயின்ற ஆஞ்செலோ ட ஃபொன்சேகா மரியாளைச் சேலை உடுத்தி வரைந்தார். சொந்த ஊரில் கடும் எதிர்ப்பு எழுந்ததால் புனேயில் போய் வாழ்ந்தார். எதிர்த்தவர்களுக்கு ஐரோப்பிய முகமே உண்மை முகமாகத் தெரிந்தது. நிறம் வெளுத்தால்தான் தெய்வம் என்று ஒரு பிள்ளை அந்தப் படத்திலிருந்து கற்றுக்கொண்டுவிடும் என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்குத் தீர்வாக, பிள்ளைகளின் அறையில் வேறொரு படத்தை வையுங்கள். அம்மாவின் படத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வாசல் பலகைதான் உங்கள் அண்ணனின் கவலை. "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." அதற்குக் கீழே அப்பாவின் பெட்டியைத் தூக்கிச் சென்றபோது உங்களுக்குள் ஏதோ முறிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முறிந்ததில் வியப்பில்லை. 91ஆம் சங்கீதத்தை உத்தரவாதமாக நீட்டியவன் யார் என்று சுவிசேஷத்தில் பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்று சொன்னவன் பிசாசு. அவன் எடுத்துக்காட்டியது இதே சங்கீதத்தின் அடுத்த இரண்டு வசனங்களை. இயேசு சங்கீதத்தை மறுக்கவில்லை; அதைக் காப்பீட்டுப் பத்திரமாக நீட்ட மறுத்தார். அந்தச் சங்கீதம் ஆபத்தில் கூப்பிடுகிறவனின் ஜெபம். மரப்பலகையில் எழுதி நிலைக்கு மேலே அடித்ததனால் அதற்குத் தனியாக ஒரு சக்தி ஏறிவிடாது.

உபாகமம் 6ஆம் அதிகாரம் வசனத்தை வீட்டு நிலைகளில் எழுதச் சொல்கிறதே என்று அண்ணன் கேட்பார். சொல்கிறது, உண்மைதான். எழுதச் சொன்னது எந்த வசனத்தை என்றும் அங்கேயே இருக்கிறது: உன் தேவனாகிய கர்த்தரில் முழு இருதயத்தோடும் அன்புகூரு என்பதை. உள்ளே வருகிறவன் என்ன செய்ய வேண்டும் என்பதை நினைவூட்டத்தான் நிலையில் எழுதினார்கள். நாமோ, நமக்கு என்ன நேரக் கூடாது என்பதை எழுதி வைத்திருக்கிறோம். இதற்கும் அண்ணன் சமாதானமாகாவிட்டால், வெண்கலச் சர்ப்பத்தின் கதையைச் சேர்ந்து வாசியுங்கள். கர்த்தர் சொல்லி மோசே செய்தது அது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு மக்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான். அதற்காக இராஜாக்களின் புத்தகம் அவனைப் புகழ்கிறது. காவலுக்காகவே தொங்கும் பலகையை இறக்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. நான்கில் முதலில் இறக்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து.

சாப்பாட்டு மேசைப் பலகையில் இருப்பது வேத வசனமே அல்ல. ஒவ்வொரு வேளை உணவிலும் காணப்படாத விருந்தினர், ஒவ்வொரு பேச்சையும் மௌனமாய்க் கேட்பவர் என்ற வாசகம் வேதாகமத்தில் எங்கும் கிடையாது. ஆங்கிலப் பலகைகளிலிருந்து நமக்கு வந்தது. சிறுவயதில் அதைப் பார்த்தாலே பேச்சு நின்றுவிடும் என்கிறீர்கள். லூக்கா 24இல் எம்மாவு ஊர் வீட்டுக்குள் வந்த விருந்தினரைப் பாருங்கள். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். வீடு வந்ததும் அப்பால் போகிறவர்போல் காட்டினார். வருந்திக் கேட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே வந்தார். பந்தியில் உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். ஒட்டுக்கேட்கிற வேலை அவருக்கு அங்கே இல்லை. இந்தப் பலகையை வைப்பதும் விடுவதும் வெறும் ரசனைக் கேள்வி. அதில் மனச்சாட்சியைக் கொண்டுபோய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சுவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். அதன் பிற்பகுதி முழுக்க வீட்டுச் சுவரைப் பற்றியது. சுவரில் பச்சையும் சிவப்புமாகக் குழிகள் கண்டால் வீட்டுக்காரன் ஆசாரியனிடம் சொல்ல வேண்டும். ஆசாரியன் வந்து பார்ப்பதற்கு முன்பே வீட்டிலுள்ள சாமான்களை வெளியேற்றச் சொல்லுவான், அவையும் தீட்டென்று தீர்ந்துவிடாதபடி. பிறகு ஏழு நாள் வீட்டை அடைத்துவைத்துப் பார்ப்பான். பரவியிருந்தால் கெட்ட கற்களை மட்டும் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, வேறு கல் வைத்து, வேறு சாந்து பூசச் சொல்லுவான். மறுபடியும் வந்தால்தான் இடிப்பு. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த நிதானம் என்னை ஈர்க்கிறது: முதலில் பொருட்களைக் காப்பாற்று, பிறகு பொறுத்திருந்து பார், பிறகு கெட்டதை மட்டும் எடு.

உங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்புச் சாந்து என்பது புகைப்படத்திலேயே தெரிகிறது. அதன்மேல் ஆண்டுதோறும் கிறிஸ்மஸுக்கு அடித்த வெள்ளை ஏடு ஏடாக ஏறியிருக்கிறது. அதன்மீது நேராகப் பட்டியும் பிளாஸ்டிக் எமல்ஷனும் பூசினால் ஓர் ஆண்டுக்குள் உரிந்துவரும். உதிரும் ஏடுகளை முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டும். படத்துக்குக் கீழே தெரியும் ஓதம் தரையிலிருந்து ஏறுவது. சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். காற்றுப் புகாத பெயிண்டால் மூடினால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, கொப்புளம் கிளம்பும். முடிந்தால் அந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்பையே அடியுங்கள். வேண்டிய வண்ணப் பொடியைக் கலந்துகொள்ளலாம். ஆணி அடித்த ஓட்டைகளையும் சிமெண்டால் அடைக்காமல் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கச் சொல்லுங்கள். சிமெண்ட் இறுகிக் கெட்டியாகி, சுற்றியுள்ள பழைய சாந்தைப் பெயர்த்துக்கொண்டு வரும்.

இனி அம்மா. இந்தப் பதிலில் எனக்கு மிகவும் முக்கியமான பகுதி இது.

வேலைக்காகப் படத்தைக் கழற்றிவிட்டு, வேலை முடிந்ததும் மாட்டாமல் அப்படியே விட்டுவிடலாம், அம்மா கொஞ்ச நாளில் மறந்துவிடுவார் என்று கணவர் யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அம்மா மறக்கமாட்டார். கேட்கவும் மாட்டார். அந்த மௌனம் உங்கள் இருவருக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். இனி நம்பாததைச் சுவரில் வைப்பது பொய் என்று உங்கள் மனம் உறுத்துகிறது அல்லவா? பெயிண்ட் வேலையைச் சாக்காக்கி அம்மாவின் படத்தை மறைப்பதும் பொய்தான்.

பவுல் ரோமருக்கு எழுதிய 14ஆம் அதிகாரத்தை இந்த இடத்தில் எடுத்துக்காட்டுவது வழக்கம்: பலவீனமானவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. அதை அம்மாவுக்குப் பொருத்திவிடாதீர்கள். விதவையாகி ஓர் ஆண்டில், இரவுதோறும் அந்தப் படத்தின் கீழ் உட்கார்ந்து, பிள்ளைகள் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஜெபிக்கும் பெண் பலவீனமானவர் அல்ல. அவருக்கு அந்தப் படம் சால்மனின் ஓவியமும் அல்ல. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து தன் துக்கத்தைச் சொல்லிவந்த இடம் அது. அவர் உயிரோடிருக்கும்வரை அந்தப் படத்தைப் பற்றிய முடிவு அவருடையது. முன்னறையில் வேண்டாம் என்று உங்களுக்குப் படுகிறதென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி, அவர் அறையில் நல்ல இடம் பார்த்து மாட்டித் தரலாமா என்று கேளுங்கள். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றால் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் என்ன இருக்க வேண்டும் என்ற பேச்சு வேறு, நீங்கள் என்ன நம்புகிறீர்கள் என்ற பேச்சு வேறு. முதலாவதை வேலை தொடங்குவதற்கு முன் முடித்துவிடுங்கள். இரண்டாவதற்கு அவசரமில்லை. ஆனால் தொடங்கும்போது அப்பாவின் துணியிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பென்சில் எழுத்தைக் காட்டி, இதை எப்போது அடித்தார், அன்றைக்கு என்ன சொன்னார் என்று அம்மாவிடம் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத அப்பாவை அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

காலியாகும் இடங்களை உடனே நிரப்பத் துடிக்க வேண்டாம். எதை நம்புகிறேன் என்று தெரியாத ஒருவர் வெறும் சுவரோடு வாழலாம். அதிலும் குற்றமில்லை, பதினேழாம் நூற்றாண்டு முதல் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஒரு படமும் ஒரு வசனமும் இல்லாத அறையில்தான் கூடி ஜெபித்துவந்திருக்கிறார்கள். குருத்தோலைச் சிலுவைகள், பழைய வாக்குத்தத்த காலண்டர்கள், கறையான் அரித்த ஞானப்பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் அலமாரியில் குவிந்திருக்கும். குப்பைத் தொட்டியில் போட மனம் வராவிட்டால் எரிக்கலாம், புதைக்கலாம். கத்தோலிக்கர்கள் பழைய குருத்தோலைகளை எரித்துத்தான் சாம்பல் புதனுக்குச் சாம்பல் எடுக்கிறார்கள். குடும்ப வேதாகமத்தை மட்டும் புரட்டிப் பார்க்காமல் எங்கும் அனுப்பாதீர்கள். முன்பக்க வெற்றுத்தாள்களில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணத் தேதிகள் இருக்கும். சில குடும்பங்களுக்கு அதைவிட்டால் வேறு பதிவே கிடையாது.

சேகர குரு வந்து ஜெபிப்பதற்குச் சம்மதியுங்கள். அது அம்மாவின் வீடு. நீங்கள் நம்பாத எதையும் அங்கே நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வேண்டுகோளை மட்டும் முன்கூட்டியே அவரிடம் வையுங்கள். இப்படிப்பட்ட ஜெபங்களில் எரேமியா 29:11ஐ வாசிப்பது வழக்கம்: அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்று. நான்காம் வசனத்திலிருந்து பதினான்குவரை முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. எருசலேமில் தாங்கள் உறுதி என்று நம்பியதெல்லாம் கையைவிட்டுப் போன மக்கள் அவர்கள். சீக்கிரம் திரும்பிவிடுவீர்கள் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள், எழுபது வருஷம் ஆகும் என்று அந்தக் கடிதம் வெளிப்படையாகச் சொல்கிறது. அதுவரை என்ன செய்வது என்பதற்கு ஐந்தாம் வசனத்தில் பதில் இருக்கிறது: வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள். அந்தப் பகுதியை நீங்கள் மனமொப்பிக் கேட்கலாம். வாசிக்க ஆள் வேண்டும் என்று குருவானவர் கேட்டால், நீங்களே வாசிக்கலாம்.